கன்டெய்னரில் ஓடும் கேம் சர்வர் நலமாக இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ப்ரோக்ராமைத் தனிப் பெட்டியில் (கன்டெய்னரில்) அடைத்து ஓடவிடும் டாக்கரில் மைன்கிராஃப்ட், வால்ஹைம், கவுன்டர்-ஸ்ட்ரைக் மாதிரி சர்வர்களை வைத்து நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். மைன்கிராஃப்ட் ஜாவா உதாரணங்கள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நான் அதிகம் மல்லுக்கட்டியது அதோடுதான்.

'அப் 3 டேஸ்' என்று டாக்கர் காட்டுகிறது. ஆனால் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. எப்படி?

டாக்கர் பார்ப்பது ஒன்றைத்தான்: கன்டெய்னருக்குள் முதலில் கிளம்பிய ப்ராசஸ், அதாவது பிஐடி 1, இன்னும் இருக்கிறதா? இருந்தால் 'அப்'. அது உருப்படியாக வேலை செய்கிறதா என்பதை நாம் சொல்லிக்கொடுக்காதவரை டாக்கர் அறிய வழியில்லை. மெயின் த்ரெட் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கலாம். டிஸ்க் நிரம்பி வேர்ல்டை சேவ் செய்ய முடியாமல் தவிக்கலாம். ஜாவா முழு நேரமும், வேண்டாத மெமரியைத் துடைத்தெடுக்கும் கார்பேஜ் கலெக்‌ஷனிலேயே கிடக்கலாம். எல்லாவற்றுக்கும் டாக்கரின் பதில் அதே 'அப்'தான்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. சில இமேஜ்களில் பிஐடி 1 கேமே இல்லை. அதைக் கிளப்பிவிடும் ஷெல் ஸ்கிரிப்ட். கேம் செத்த பிறகும் ஸ்கிரிப்ட் ஏதோ ஒரு லூப்பில் காத்திருந்தால், உள்ளே ஒன்றுமே இல்லாத கன்டெய்னர் நாள்கணக்கில் 'அப்' காட்டும். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் கேமை 'எக்ஸெக்' போட்டுத் தொடங்குங்கள். ஸ்கிரிப்ட் விலகி, கேமே பிஐடி 1 இடத்துக்கு வந்துவிடும். செத்தால் கன்டெய்னரும் சேர்ந்து நிற்கும்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

போதாது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். டிசிபியில் ஓடும் ஒரு சர்வர் ப்ராசஸுக்கு ஹோஸ்டிலிருந்து 'சிக்ஸ்டாப்' சிக்னல் அனுப்பி அப்படியே உறையவைத்துவிட்டு, அந்த போர்ட்டுக்கு நெட்கேட் என்ற கருவியில் கனெக்ட் செய்யுங்கள். கனெக்ட் ஆகும்! புதுக் கனெக்‌ஷனை ஏற்றுக்கொள்வது கேம் இல்லை, லினக்ஸ் கெர்னல். வரிசையில் இடமிருக்கும்வரை வருகிறவர்களை எல்லாம் 'வாங்க' என்று வாசலில் உட்காரவைத்துவிடும். வீட்டுக்குள் ஆள் மயங்கிக் கிடப்பது அதற்குத் தெரியாது.

ஆகவே கேமிடம் அதன் மொழியிலேயே பேச்சுக் கொடுக்க வேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவாவில் அது சர்வர் லிஸ்ட் பிங், டிசிபி 25565. மல்டிபிளேயர் திரையில் சர்வர் பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் காட்டுவதற்கு கேமே அனுப்புகிற அதே கேள்வி. வெர்ஷன், இருப்பவர்கள், அதிகபட்ச ஆட்கள் எல்லாம் ஜேசனாகத் திரும்பி வரும். 'எம்சி-மானிட்டர்' என்ற சின்னக் கருவி இதைச் செய்துவிடும். சர்வர் ப்ராப்பர்டீஸில் 'எனேபிள்-ஸ்டேட்டஸ்' ஃபால்ஸ் என்று இருந்தால் மட்டும் பதில் வராது. நல்ல சர்வரும் ஆஃப்லைன் மாதிரி தெரியும்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்டேட்டஸ் கேள்விக்குப் பதில் சொல்வது நெட்வொர்க் த்ரெட். உலகத்தை ஓட்டுவது மெயின் த்ரெட். மெயின் த்ரெட் மாட்டிக்கொண்ட பிறகும் ஸ்டேட்டஸ் சிரித்த முகத்தோடு பதில் சொல்லும். 'லிஸ்டில் பச்சையாகத் தெரிகிறது, சேர முடியவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆர்கான் (வெளியிலிருந்து சர்வருக்குக் கமாண்ட் அனுப்பும் வழி) வழியாக 'லிஸ்ட்' கமாண்ட் அனுப்பினால் அது மெயின் த்ரெட்டில்தான் ஓடும். அங்கே அடைப்பு இருந்தால் பதில் வராது. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்: ஹெல்த்செக்குக்கு (டாக்கர் இடைவெளி விட்டு ஓட்டும் நலச் சோதனை) ஸ்டேட்டஸ் பிங், நிமிடத்துக்கு ஒருமுறை தனியாக ஆர்கான்.

எங்கள் கேம் யுடிபி. அதை எப்படிப் பார்ப்பது?

யுடிபியில் கனெக்‌ஷன் என்ற பேச்சே கிடையாது. நெட்கேட் 'சக்சீடட்' என்று சொன்னால் அதற்கு அர்த்தம் 'யாரும் மறுக்கவில்லை' என்பது மட்டுமே. ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கினாலும் அமைதி, கேம் உறைந்திருந்தாலும் அமைதி, எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் அமைதி. அந்த அமைதியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஸ்டீம் சார்ந்த பல கேம்களில் ஏ2எஸ் இன்ஃபோ என்ற கேள்வி இருக்கிறது. மொத்தம் 25 பைட்: முதலில் 255 என்ற மதிப்புள்ள நான்கு பைட், அடுத்து ஆங்கில 'டி' எழுத்து, பிறகு 'சோர்ஸ் எஞ்சின் குவெரி' என்ற சொற்கள், கடைசியில் ஒரு பூஜ்ய பைட். பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2020 டிசம்பரிலிருந்து சர்வர் நேராகப் பதில் தராமல், முதலில் ஒரு 'சேலஞ்ச்' எண்ணைத் திருப்பி அனுப்பலாம். அதைக் கேள்வியின் வாலில் ஒட்டி மறுபடி அனுப்பினால்தான் உண்மையான பதில். போலி முகவரியில் கேள்வி அனுப்பி, பெரிய பதிலை வேறு யார் தலையிலாவது கொட்டவைக்கும் தாக்குதலைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. சேலஞ்ச் தெரியாத ஸ்கிரிப்ட் நல்ல சர்வரையும் செத்ததாகச் சொல்லும்.

குவெரி போர்ட்டும் கேம் போர்ட்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். வால்ஹைமில் கேம் 2456, குவெரி 2457. ஸ்கிரிப்ட் எழுத நேரமில்லாதவர்கள் கேம்டிக் என்ற நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) லைப்ரரியை எடுத்துக்கொள்ளலாம்; அப்டைம் கூமா என்ற மானிட்டரிங் கருவியிலும் கேம்டிக், ஸ்டீம் கேம் சர்வர் என்ற மானிட்டர் வகைகள் உண்டு.

ஹெல்த்செக்கில் என்ன எண்களைப் போடுவது?

டாக்கரின் டிஃபால்ட்: 30 விநாடிக்கு ஒரு சோதனை, 30 விநாடி டைம்அவுட், தொடர்ந்து 3 தோல்வி என்றால் அன்ஹெல்தி, ஸ்டார்ட் பீரியட் 0. இதில் அந்தப் பூஜ்யம்தான் வில்லன். நிறைய மாட் ஏற்றிய சர்வர் எழுந்து நிற்கவே பல நிமிடம் ஆகும். ஸ்டார்ட் பீரியட் இல்லையென்றால் ஒன்றரை நிமிடத்தில் அதற்கு அன்ஹெல்தி பட்டம் கட்டியாகிவிடும்.

ஸ்டார்ட் பீரியடைத் தாராளமாக வைப்பதில் நஷ்டமில்லை. அந்த நேரத்தில் வரும் தோல்விகள் கணக்கில் சேராது, ஆனால் ஒரு சோதனை வெற்றி பெற்றவுடன் கன்டெய்னர் ஹெல்தி ஆகிவிடும். பத்து நிமிடம் வையுங்கள். டைம்அவுட்டை 5 முதல் 10 விநாடியாகக் குறையுங்கள். 30 விநாடி கழித்துப் பதில் சொல்லும் கேம் சர்வரை வைத்துக்கொண்டு யாரும் ஆட முடியாது.

ஹெல்த்செக் ஓடுவது கன்டெய்னருக்கு உள்ளே, அதே சிபியு, அதே மெமரி லிமிட்டில். ஒவ்வொரு தடவையும் ஜாவாவை ஓட்டும் ஒரு ஜேவிஎம்மை எழுப்பிக் கேள்வி கேட்கும் ஸ்கிரிப்டைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் மார்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு நாடி பார்ப்பது போல. தோல்வியின் காரணத்தை ஸ்கிரிப்ட் ஒரு வரியாவது அச்சிடட்டும். கடைசி 5 முடிவுகளையும் அவற்றின் அவுட்புட்டையும் 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' காட்டும், பின்னால் கைகொடுக்கும். ஸ்கிரிப்ட் குட்டி ப்ராசஸ்களை விட்டுவிட்டுப் போகிற வகையென்றால் 'இனிட்' ஆப்ஷனைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஸோம்பிகள் (முடிந்தும் பட்டியலில் நிற்கும் ப்ராசஸ்கள்) சேரும்.

அன்ஹெல்தி ஆனால் டாக்கர் தானாக ரீஸ்டார்ட் செய்யுமா?

தனி டாக்கரில் செய்யாது. ரீஸ்டார்ட் பாலிசி ப்ராசஸ் வெளியேறினால்தான் அசையும். அன்ஹெல்தி என்பது வெறும் ஒட்டுச்சீட்டு. பல மெஷின்களைச் சேர்த்து நடத்தும் டாக்கர் ஸ்வார்ம் என்றால் அந்த டாஸ்க்கைக் கொன்று வேறொன்றைக் கிளப்பும்.

அப்படியென்றால், அன்ஹெல்தி ஆனதை ரீஸ்டார்ட் செய்யும் ஆட்டோஹீல் கன்டெய்னர் ஒன்றைப் பக்கத்தில் ஓடவிடலாமா?

விட்டேன். வேலியே பயிரை மேய்ந்தது.

ஒரு ராத்திரி ஏழெட்டுப் பேர் ஒரே திசையில் பறந்து, இதுவரை யாரும் போகாத நிலத்துக்குள் நுழைந்தார்கள். புது நிலத்தை உருவாக்கும் வேலையில் சர்வர் திணறியது. மூன்று சோதனை தாமதமானது, அன்ஹெல்தி, ஆட்டோஹீல் வந்து நிறுத்தியது. நிற்பதற்கு டாக்கர் கொடுத்த அவகாசம் டிஃபால்ட்டான 10 விநாடி, சேவ் முடியவில்லை, நடுவில் கொன்றுவிட்டது. எல்லோருக்கும் சில நிமிட ஆட்டம் போயிற்று. திரும்ப வந்தவர்கள் என்ன செய்வார்கள்? விட்ட இடத்திலிருந்து அதே திசையில் பறந்தார்கள். இப்படி நான்கு முறை. தாமதமாக இருந்த சர்வரை நானே கொன்றுகொண்டிருந்தேன். சும்மா விட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தானே தேறியிருக்கும்.

உலகத்தைச் சேமித்து வைக்கும் கேம்களுக்கு இப்போது என் ஏற்பாடு வேறு. மைன்கிராஃப்டுக்குச் சொந்தமாகவே ஒரு வாட்ச்டாக் உண்டு: 'மேக்ஸ்-டிக்-டைம்' 60000, அதாவது ஒரு டிக் (உலகம் ஒரு படி நகரும் கணக்கு) 60 விநாடி இழுத்தால் க்ராஷ் ரிப்போர்ட் எழுதிவிட்டுத் தானே வெளியேறும். அது வெளியேறினால் ரீஸ்டார்ட் பாலிசி எழுப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து கொல்லும் அதிகாரம் எந்த ஸ்கிரிப்டுக்கும் கிடையாது. அன்ஹெல்தி என்றால் எனக்குச் செய்தி வரும், அவ்வளவுதான். மேட்ச் மேட்சாக ஆடும் கேமில், சேவ் என்று எதுவும் இல்லாதபோது, ஆட்டோ ரீஸ்டார்ட் தாராளமாக வைக்கலாம்.

ஹெல்த்செக் பச்சை. பிளேயர்கள் 'லேக், லேக்' என்கிறார்கள். எதை அளப்பது?

டிக் நேரம். மைன்கிராஃப்ட் விநாடிக்கு 20 டிக் ஓட வேண்டும், ஒரு டிக்குக்கு 50 மில்லிவிநாடி. ஃபேக்டோரியோ விநாடிக்கு 60, ஒன்றுக்கு 16.7 மில்லிவிநாடிதான். பலர் டிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை டிக்) என்ற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். டிக் நேரம் 50 மில்லிவிநாடியைத் தாண்டும்வரை அது 20-லேயே நிற்கும், பிறகு தடாலென்று விழும். டிக் நேரமோ 15, 25, 38 என்று ஏறிக்கொண்டே வருவதை வாரக்கணக்கில் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

சராசரியை நம்பாதீர்கள். சராசரி 22 இருக்கும்போதே நூற்றில் ஐந்து டிக் 120-க்குப் போகலாம், பிளேயருக்கு உறைப்பது அந்த ஐந்துதான். 95வது, 99வது பெர்சென்டைலைப் பாருங்கள். மைன்கிராஃப்ட் 1.20.3 முதல் 'டிக் குவெரி' கமாண்டே இவற்றைச் சொல்லும். லாக்கில் 'கான்ட் கீப் அப்' என்ற வரி வந்தால் சர்வர் ஏற்கனவே சுமார் 2 விநாடி பின்தங்கிவிட்டது என்று பொருள். அது எச்சரிக்கை இல்லை, நடந்து முடிந்த செய்தி.

சிபியு கிராஃப் லிமிட்டில் பாதிகூடத் தொடவில்லை. ஆனாலும் திக்கித் திக்கி ஓடுகிறது.

கன்டெய்னருக்கே உரிய நோய் இது, என்னிடம் வரும் லேக் புகார்களில் நான் முதலில் தேடுவதும் இதைத்தான்.

'1 சிபியு' என்று லிமிட் வைத்தால் லினக்ஸ் அதை எப்படிப் புரிந்துகொள்கிறது தெரியுமா? ஒவ்வொரு 100 மில்லிவிநாடிக்கும் 100 மில்லிவிநாடி சிபியு நேரம் என்று ஒரு ரேஷன். மெயின் த்ரெட் மட்டும் தனியாக ஓடினால் சிக்கலே இல்லை. ஆனால் கார்பேஜ் கலெக்‌ஷனுக்காக நான்கு த்ரெட்கள் ஒரே சமயத்தில் கிளம்பினால் நான்கும் சேர்ந்து 25 மில்லிவிநாடியில் ரேஷனைத் தீர்த்துவிடும். மீதி 75 மில்லிவிநாடி கன்டெய்னர் முழுவதும் உறைந்து நிற்கும், மெயின் த்ரெட் உட்பட. ஒன்றரை டிக் காணாமல் போயிற்று. ஒரு நிமிடச் சராசரி எடுக்கும் கிராஃபில் இது தெரியவே தெரியாது.

கன்டெய்னரின் லிமிட்களை லினக்ஸ் வைத்திருக்கும் சிக்ரூப் ஃபோல்டரில் 'சிபியு.ஸ்டாட்' என்ற ஃபைலைத் திறந்து 'என்ஆர் பீரியட்ஸ்', 'என்ஆர் த்ராட்டில்டு' இரண்டையும் பாருங்கள். பத்து விநாடி விட்டு மறுபடி பார்த்தால், இடைப்பட்ட 100 பீரியடில் எத்தனையில் மூச்சை நிறுத்தினார்கள் என்பது தெரியும். ப்ரொமீதியஸ் என்ற மானிட்டரிங் கருவி வைத்திருப்பவர்களுக்கு சிஅட்வைசர் இதே எண்களைத் தரும். கேம் சர்வருக்குக் கடும் சிபியு லிமிட் வைக்காதீர்கள் என்பதே என் பரிந்துரை. சிபியு ஷேர்ஸ் (போட்டி வரும்போது மட்டும் பங்கு பிரிக்கும் முறை) வையுங்கள், அல்லது குறிப்பிட்ட கோர்களை ஒதுக்கிக் கொடுங்கள்.

மெமரி எப்போதும் 90 சதவீதத்தில் நிற்கிறது. கவலைப்படலாமா?

ஜாவா சர்வர் என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு. ஜேவிஎம் எடுத்த ஹீப்பை (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) லேசில் திருப்பிக் கொடுக்காது. 'ஆல்வேஸ்ப்ரீடச்' ஆப்ஷன் போட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே முழுவதையும் தொட்டு வைத்துக்கொள்ளும். பார்க்க வேண்டியது, கார்பேஜ் கலெக்‌ஷன் முடிந்ததும் மிஞ்சும் ஹீப். அந்த அடிமட்டம் நாளுக்கு நாள் ஏறினால் லீக்.

இன்னொன்று, 8 ஜிபி கன்டெய்னருக்கு எக்ஸ்எம்எக்ஸ் (ஹீப்பின் உச்சவரம்பு) 8 ஜிபி கொடுக்காதீர்கள். ஹீப்புக்கு வெளியே த்ரெட் ஸ்டாக், மெட்டாஸ்பேஸ், நெட்வொர்க் பஃபர் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். 6 கொடுங்கள்.

எக்ஸிட் கோட் 137 என்றால் மெமரி பற்றாமல் செத்ததா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 137 என்பது 128 கூட்டல் 9. 'சிக்கில்' (உடனே கொல்லும் சிக்னல்) வாங்கிச் செத்தது என்று மட்டும் பொருள். இன்ஸ்பெக்டில் 'ஓஓஎம்கில்டு' ட்ரூ என்றிருந்தால் மெமரி. ஃபால்ஸ் என்றால் பெரும்பாலும் 'டாக்கர் ஸ்டாப்' 10 விநாடி காத்துப் பார்த்து அடித்தது. 143 என்றால் 'முடித்துக்கொள்' என்று கேட்கும் சிக்டெர்மில் வெளியேறியது, 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட்.

அந்த 10 விநாடியைக் கூட்ட முடியுமா?

முடியும். கன்டெய்னர் அமைப்புகளை எழுதும் கம்போஸ் ஃபைலில் 'ஸ்டாப் கிரேஸ் பீரியட்'. பெரிய வேர்ல்டுக்கு 2 நிமிடம் வையுங்கள். சிக்னல் கேம்வரை போய்ச் சேருகிறதா என்பதையும் பாருங்கள். மேலே சொன்ன ஷெல் ஸ்கிரிப்ட் பிஐடி 1 ஆக இருந்தால் சிக்டெர்ம் அதோடு நின்றுவிடும், கேமுக்குத் தகவலே வராது.

லாக் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

டாக்கரின் டிஃபால்ட்டான 'ஜேசன்-ஃபைல்' லாக் டிரைவருக்கு அளவு வரம்பு கிடையாது. ஒரு மாட் விநாடிக்கு நூறு எர்ரர் கக்க ஆரம்பித்தால் டிஸ்க் நிரம்பும், டிஸ்க் நிரம்பினால் சேவ் நிற்கும். 'மேக்ஸ்-சைஸ்' வையுங்கள், அல்லது 'லோக்கல்' டிரைவருக்கு மாறுங்கள். அது 20 எம்பி வீதம் 5 ஃபைலோடு தானே சுழற்றிக்கொள்ளும். வால்யூம் இருக்கும் டிஸ்க்கின் காலியிடத்துக்கு ஓர் அலர்ட் கட்டாயம்.

உள்ளே ஹெல்த்செக் இருக்கும்போது வெளியிலிருந்தும் பார்க்க வேண்டுமா?

வேண்டும். ஹெல்த்செக் லோக்கல்ஹோஸ்டோடு பேசுகிறது. போர்ட் மேப்பிங் தவறினாலோ ஃபயர்வால் மாறினாலோ அதற்குத் தெரியாது. மானிட்டரையும் அதே மெஷினில் வைத்தால், மெஷின் படுக்கும்போது சொல்ல ஆளிருக்காது.

பல மெஷின்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் என்ன மாறும்?

முதல் ஏமாற்றம்: ப்ரோப்களில் (ஹெல்த்செக்குக்கு அங்கே பெயர்) யுடிபி கிடையாது. எச்டிடிபி, டிசிபி, ஜிஆர்பிசி, எக்ஸெக் மட்டுமே. யுடிபி கேமுக்கு எக்ஸெக்கில் குவெரி ஸ்கிரிப்ட் ஓட்ட வேண்டியதுதான். டிஃபால்ட் டைம்அவுட் 1 விநாடி என்பதை மறந்தால் முன்பு சொன்ன என் ராத்திரி உங்களுக்கும் வரும். லைவ்னஸ் ப்ரோப் தோற்றால் இங்கே ரீஸ்டார்ட் நிஜமாகவே நடக்கும். மெதுவாக எழும் சர்வருக்கு ஸ்டார்ட்அப் ப்ரோப் வையுங்கள்.

பெரிய அளவில் நடத்துகிறவர்கள் அகோன்ஸைப் பார்க்கலாம். கூகுளும் யுபிசாஃப்டும் 2018-ல் வெளியிட்ட, குபெர்னெட்டிஸில் கேம் சர்வர்களை நடத்தும் ஓப்பன் சோர்ஸ் திட்டம். அதில் யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை, கேமே எஸ்டிகே மூலம் 'நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். டிஃபால்ட்டாக 5 விநாடி இடைவெளி, 3 முறை தவறினால் அன்ஹெல்தி. ஃப்ளீட் (ஒரே மாதிரி சர்வர்களின் கூட்டம்) வேறொரு சர்வரை எழுப்பும். ஒரு எச்சரிக்கை: அந்த 'நலம்' அழைப்பைத் தனி டைமர் த்ரெட்டில் வைத்தால் மெயின் லூப் செத்த பிறகும் 'நலம்' போய்க்கொண்டே இருக்கும். கேம் லூப்புக்கு உள்ளேயே வையுங்கள்.

எந்த அலர்ட்டுக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பலாம்?

நான் மூன்றுக்கு மட்டும் எழுவேன்: வெளியிலிருந்து கேட்ட குவெரிக்கு 5 நிமிடமாகப் பதிலில்லை, டிஸ்க்கில் காலியிடம் 5 சதவீதத்துக்குக் கீழ், இருந்த எல்லா பிளேயர்களும் ஒரே நிமிடத்தில் காணாமல் போனது. மூன்றாவதைப் பலர் வைப்பதில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவது இயல்பு. பன்னிரண்டு பேர் ஒரே மூச்சில் பூஜ்யமானால் ஏதோ உடைந்திருக்கிறது, மற்ற கிராஃப்கள் என்ன சொன்னாலும் சரி. மெமரி, சிபியு, டிக் நேரம் எல்லாம் காலையில் பார்க்கிற விஷயம். எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் 'புலி வருது' கதைதான். ஒரு வாரத்தில் போனை சைலன்டில் போட்டுவிடுவீர்கள்.

யாரும் இல்லாத நேரத்தில் 'டிக் நின்றுவிட்டது' என்று அலர்ட் வருகிறது.

மைன்கிராஃப்ட் 1.21.2 முதல் 'பாஸ்-வென்-எம்ப்டி-செகண்ட்ஸ்' என்ற அமைப்பு இருக்கிறது, டிஃபால்ட் 60. ஒரு நிமிடம் ஆளில்லாவிட்டால் சர்வர் உலகத்தை நிறுத்திவைக்கும். கோளாறு இல்லை. பிளேயர் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால்தான் அலர்ட் என்று நிபந்தனை சேருங்கள்.

மானிட்டரிங்குக்காக ஆர்கான் போர்ட்டை வெளியே திறக்கலாமா?

கூடாது. 25575-ல் பாஸ்வேர்டு மறைகுறியாக்கம் இல்லாமல் அப்படியே போகும். டாக்கர் நெட்வொர்க்குக்குள் மட்டும் வையுங்கள்.

இத்தனையும் வைத்துவிட்டேன். வேலை செய்யும் என்று எப்படி உறுதி செய்வது?

உடைத்துப் பாருங்கள். வேர்ல்டை காப்பி எடுத்து ஒரு டெஸ்ட் கன்டெய்னரில் ஏற்றி, ஹோஸ்டிலிருந்து கேம் ப்ராசஸுக்கு சிக்ஸ்டாப் அனுப்புங்கள். 'டாக்கர் பாஸ்' வேண்டாம், அது ஹெல்த்செக்கையும் சேர்த்தே நிறுத்திவிடும். கன்டெய்னருக்குள்ளிருந்து பிஐடி 1-க்கு அனுப்பினாலும் பலிக்காது. எத்தனை விநாடியில் அன்ஹெல்தி ஆகிறது, எத்தனை நிமிடத்தில் போனுக்குச் செய்தி வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, சிக்கான்ட் அனுப்பி விடுவியுங்கள். டிஃபால்ட் எண்களில் அன்ஹெல்தி ஆகவே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், எழுந்த கணமே மைன்கிராஃப்ட் வாட்ச்டாக் 60 விநாடிக் கணக்கைப் பார்த்து சர்வரைக் கொன்றுவிடக்கூடும். டெஸ்ட் கன்டெய்னரில் மட்டும் 'மேக்ஸ்-டிக்-டைம்' மதிப்பை மைனஸ் 1 ஆக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.